அயலார் நாவில் ஜப்பானிய ஓசை

ஜப்பானிய மொழியில் 'ஹஷி' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று எவரேனும் கேட்டால், 'எந்த ஹஷி?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். உணவை எடுத்து உண்ணும் குச்சிக்கு ஹஷி என்று பெயர். ஆற்றைக் கடக்க உதவும் பாலத்துக்கும் அதுவே பெயர். ஒரு பொருளின் ஓரத்துக்கும் அதுவே பெயர். சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் எழுதினால் மூன்றும் வெவ்வேறு வடிவம் கொள்ளும். அசையெழுத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றே. ஆனால் டோக்கியோ நகரத்தார் வாய் திறந்து சொல்லும்போது மூன்றையும் மூன்று விதமாகச் சொல்லுகின்றனர். எழுத்திலே காணப்படாத அந்த வேறுபாட்டை அயல்நாட்டு மாணாக்கர் எவ்வாறு ஒலிக்கின்றனர், எங்கே வழுவுகின்றனர், அதற்குக் காரணம் நாவா செவியா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அவ்வேறுபாடு எத்தகையது என்று பார்ப்போம். அஃது உரக்கச் சொல்லுவதும் மெல்லச் சொல்லுவதும் அன்று. நீட்டுவதும் குறுக்குவதும் அன்று. குரலின் சுருதி உயர்வதும் தாழ்வதுமே அது. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் இல்லாமற் போகவில்லை. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூலார் ஓசை வேறுபாடுகளைக் குறிப்பிடுகிறார். ஒரு சொல் படுத்தலோசையால் பெயராயிற்று என்று உரையாசிரியர்களும் ஆங்காங்கே எழுதுவர். ஆகவே உயர்ந்த சுருதியை எடுத்தல் என்றும், தாழ்ந்த சுருதியைப் படுத்தல் என்றும் நாம் சொல்லிக்கொள்வோம்.

குச்சியாகிய ஹஷியில் 'ஹ' எடுத்தல், 'ஷி' படுத்தல். பாலமாகிய ஹஷியில் 'ஹ' படுத்தல், 'ஷி' எடுத்தல். ஓரமாகிய ஹஷியிலும் அப்படியே. பின்னிரண்டுக்கும் வேறுபாடு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். தனியே நிற்கும்வரை இல்லைதான். எழுவாயைக் காட்டுவதற்காகப் பின்னே ஓர் இடைச்சொல் வரும். தங்கம் என்னும் சொல்லில் ஒலிப்பது போன்ற 'க' அது. பாலத்தைச் சொன்னால் அந்தக் 'க' தாழ்ந்து ஒலிக்கும். ஓரத்தைச் சொன்னால் உயர்ந்தபடியே நிற்கும். சொல்லின் ஓசை அடுத்த சொல்லின் தலையில் வெளிப்படுகிறது! இந்த நுட்பத்தை மறந்துவிட்ட காரணத்தால் பல ஆண்டு கற்றவரும் தடுமாறுகின்றனர். 'ஹன' என்பது மலருக்கும் பெயர், மூக்குக்கும் பெயர். 'க' சேர்த்து, உயர்ந்தது என்றும் விலை மிகுந்தது என்றும் இரு பொருள் தரும் சொல்லைப் பின்னே சேர்த்தால், 'க'வைத் தாழ்த்திச் சொன்னவர் மலர் விலை அதிகம் என்கிறார். உயர்த்திச் சொன்னவர் மூக்கு உயர்ந்தது, அதாவது பெருமை பிடிபடவில்லை என்கிறார். பூக்கடையில் நின்று பேசும்போது இரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

மொழி முழுவதற்கும் அமைந்த ஒழுங்கு மிகச் சுருக்கமானது. ஜப்பானியர் ஓசையை மாத்திரைக் கணக்காக அளக்கின்றனர். நம் கணக்கில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்கள் கணக்கில் சொல்லின் ஈற்றில் நிற்கும் 'ன்' என்னும் மெய்க்கும் முழு மாத்திரை உண்டு. நாட்டின் பெயராகிய 'நிஹொன்' என்பது மூன்று மாத்திரை. டோக்கியோ வழக்கில் முதல் மாத்திரையும் இரண்டாம் மாத்திரையும் ஒரே சுருதியில் நில்லா. ஒன்று எடுத்தலானால் மற்றது படுத்தல். ஒரு சொல்லுக்குள் சுருதி ஒருமுறை இறங்கிவிட்டால் மறுபடி ஏறாது. ஆதலின் ஒரு சொல்லைப்பற்றி அறிய வேண்டுவது ஒன்றே: எந்த மாத்திரைக்குப் பிறகு இறங்குகிறது? அல்லது இறங்காமலே செல்கிறதா? மூன்று மாத்திரைச் சொல்லுக்கு நான்கு வகை, நான்கு மாத்திரைச் சொல்லுக்கு ஐந்து வகை என அமையும். நாட்டின் பெயராகிய நிஹொன் என்பதில் நடுவிலுள்ள 'ஹொ' மட்டும் எடுத்தல். குப்பி, எழுதுகோல் முதலிய நீண்ட பொருள்களை 'இரண்டு' என்று எண்ணும்போதும் நிஹொன் என்றே சொல்லுவர்; அங்கே 'நி' எடுத்தல், எஞ்சியவை படுத்தல். வினைச்சொற்களிலும் இதுவே கதை. 'கிரு' என்று முதலில் உயர்த்தினால் வெட்டுதல். முதலில் தாழ்த்தினால் உடுத்துதல்.

இனி அயலாரிடம் வருவோம். ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் சுருதியை எந்த வேலைக்கு வைத்திருக்கின்றனரோ, அந்த வேலையையே ஜப்பானியத்திலும் அதற்குக் கொடுக்கின்றனர். பிழையின் வேர் இதுவே.

ஆங்கிலம் பேசுவோரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர்கள் நிலையே விரிவாக ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு அழுத்தம் தருவது என்றால் சுருதியை உயர்த்துவது மட்டும் அன்று. அவ்வசை உரக்கவும் ஒலிக்கும், நீண்டும் ஒலிக்கும். அழுத்தம் பெறாத அசைகளின் உயிரோசை மங்கிப்போகும். வாழைப்பழத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை ஓர் ஆங்கிலேயர் சொல்லக் கேட்டால் நடு அசை மட்டுமே தெளிவாகக் காதில் விழுவதைக் காணலாம். இந்த நான்கு தொழில்களும் அவர் நாவில் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. ஜப்பானியமோ சுருதியை மட்டும் கேட்கிறது. அவர் ஒன்றைக் கொடுக்க முயன்று நான்கையும் கொடுத்துவிடுகிறார். ஹிரோஷிமா என்னும் ஊரின் பெயரில் நான்கு மாத்திரைகள், நான்கும் குறில். டோக்கியோ வழக்கில் 'ஹி' தாழ்ந்து, எஞ்சிய மூன்றும் இறக்கமின்றி ஒரே உயரத்தில் செல்லும். ஆங்கிலேயர் வாயிலோ 'ரோ'வில் அழுத்தம் விழும், அல்லது 'ஷி'யில் விழும். விழுந்த இடம் நீளும். (நாமும் அப்பெயரை 'ரோ' என்றும் 'மா' என்றும் நெடிலாக்கி எழுதிப் பழகிவிட்டோம் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று.)

நீட்சியால் விளையும் கேடு சொல்லளவோடு நில்லாது உறவையும் மாற்றும். 'ஒபசன்' என்றால் அத்தை, பெரியம்மை, சின்னம்மை முதலிய முறையினர். இறக்கம் அற்ற சொல் அது. 'ஒபாசன்' என்று 'பா'வை நீட்டினால் பாட்டி. இங்கே 'பா'வின் முதற்பாதி உயர்ந்து மறுபாதியில் சுருதி இறங்கிவிடும். ஆங்கில வழக்கப்படி ஒருவர் ஒபசனில் நடு அசையை அழுத்தினால் என்ன ஆகும்? அசை நீளும், அதன் பின் சுருதி விழும். பாட்டிக்கு உரிய இரண்டு அடையாளங்களும் ஒருங்கே வந்து சேருகின்றன. நாற்பது வயது அம்மையார் ஒருவரைப் பார்த்து மரியாதையோடு ஒரு மாணாக்கர் இவ்வாறு அழைத்தால், அம்மையார் முகம் எவ்வாறு மாறும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சீனர் நிலை வேறு. அவர் மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுருதியமைப்பு உண்டு. அது மாறினால் பொருள் மாறும். சுருதி பொருளைக் காக்கும் என்னும் உண்மையை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. செவி ஆயத்தமாக இருக்கிறது. எனினும் அவர் சுருதியை அசைதோறும் தேடிப் பழகியவர். ஜப்பானியத்தில் சொல் முழுதுக்கும் ஒரே வளைவு. அதில் ஓர் இறக்கம் மட்டுமே உண்டு. பல சொற்களில் அதுவும் இல்லை. இறக்கமில்லாத சொல்லை நெடுக ஒரே உயரத்தில் நடத்திச் செல்லுவது அவருக்கும் அரிதாகிறது. ஈற்றுக்கு முன்னே எங்கேனும் இறக்கிவிடுகிறார். இந்தப் பிழை சீனருக்கு மட்டும் உரியதன்று. பல மொழியினரும் இறக்கமற்ற சொற்களில் இறக்கத்தைப் புகுத்துகின்றனர் என்பது ஜப்பானிய ஆசிரியர்களின் நெடுநாள் அனுபவம்.

கொரியரிடம் ஒரு விந்தை காணப்படுகிறது. சியோல் நகர வழக்கில் சுருதி சொல்லுக்கு உரியதன்று, சொற்றொடருக்கு உரியது. தொடரின் முதலெழுத்து மூச்சு மிகுந்த ஒலியாகவோ இறுகிய ஒலியாகவோ இருந்தால் தொடக்கமே உயரும், இன்றேல் தாழும். அப்பழக்கத்தை அவர்கள் ஜப்பானியத்துக்கும் கொண்டுவருகின்றனர். ஆனால் அதே நாட்டின் தென்கிழக்கில், பூசான் நகரம் அமைந்த கியோங்சாங் வட்டாரத்தார் பேச்சில் சுருதி சொல்லின் பொருளை வேறுபடுத்துகிறது. ஆகவே ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கும் இரு கொரிய மாணாக்கர்கள் ஒரே சொல்லை ஒரே அளவில் கேட்பதில்லை.

தமிழர் நாம் சியோல் நகரத்தாரின் பக்கத்தில் நிற்பவர்கள் எனலாம். 'சரி' என்னும் சொல்லை உடன்பாடாகச் சொல்லுகிறோம்; ஐயத்தோடு சொல்லுகிறோம்; போதும் நிறுத்து என்னும் பொருளிலும் சொல்லுகிறோம். ஒவ்வொன்றிலும் சுருதி வேறு. சொல் ஒன்றே. சுருதி நமக்கு மனநிலையைக் காட்டும் கருவி. அதனால் ஜப்பானியர் சொல்லின் நடுவே சுருதியை இறக்கினால், அதை அவர் மனநிலை என்று எடுத்துக்கொண்டு மறந்துவிடுகிறோம். வினாவிலும் இப்படியே. 'அமெ' என்பதில் முன்னெழுத்தை உயர்த்தினால் மழை, தாழ்த்தினால் மிட்டாய். 'மழையா?' என்று கேட்கும் டோக்கியோக்காரர் முதலில் உயர்த்திப் பின் இறக்கி, அந்த இறக்கத்துக்குப் பிறகே ஈற்றில் சிறிது ஏற்றுவார். அயலாரோ வினா என்றவுடன் சொல் முழுதையும் கீழிருந்து மேலாக ஏற்றிவிடுகிறார். மழையைக் கேட்டவர் மிட்டாயைக் கேட்டவர் ஆகிறார்.

இங்கே ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லி, உடனே திருப்பிச் சொல் என்றால், மேற்கூறிய மாணாக்கருள் பெரும்பாலோர் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடுவர். எனவே தொண்டையிற் குறையில்லை. மறுநாள் அதே சொல்லைத் தாமாக ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசும்போது ஓசை போய்விடுகிறது. காரணம், சொல்லை மனத்தில் பதிய வைத்தபோது அதன் ஓசையை உடன் வைக்கவில்லை. எழுத்தை வைத்தனர், பொருளை வைத்தனர், சுருதியைப் பேசியவரின் குரல் என்று எண்ணி வாசலிலேயே விட்டுவிட்டனர். ஒலிப்புப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் வைக்காத பொருளை எடுக்க முடியாது.

ஜப்பானிய ஆசிரியரும் இதைப் பெரும்பாலும் கற்பிப்பதில்லை. அவரைக் குறைகூறுவதற்கில்லை. அவருக்கு அது தாய்மடியில் வந்த செல்வம். கடல், தங்கம், பகல் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது; நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருக்கிறோம்? எந்தத் தமிழாசிரியர் குழந்தைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார்? அதுபோல, ஹஷியை ஒருபோதும் தவறாகச் சொல்லாத டோக்கியோவாசியிடம் 'சுருதி எங்கே இறங்குகிறது?' என்று கேட்டால் அவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டே விடையளிப்பார்.

அன்றியும், இடம் நோக்கிப் பொருள் விளங்கும், சுருதியைப்பற்றிக் கவலைப்படாதே என்று கூறும் ஆசிரியர்களும் உளர். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1990-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, ஜப்பானியத்தில் ஒரே எழுத்தொலி கொண்ட சொற்களுள் சுருதியால் வேறுபடுவன நூற்றுக்குச் சுமார் 14 மட்டுமே. சீனத்தில் அந்த அளவு 71. அதுமட்டுமா? கியோட்டோ நகரத்தார் பாலத்தை முதலெழுத்து உயர்த்திச் சொல்லுகின்றனர். டோக்கியோவில் அது குச்சி. ஃபுகுஷிமா, இபராகி போன்ற பகுதிகளிலும், தெற்கே கியூஷுத் தீவின் சில பகுதிகளிலும், சொல்லுக்குச் சொல் சுருதி வேறுபாடே கிடையாது. அங்குள்ளோர் ஜப்பானியர் அல்லரோ? டோக்கியோ ஓசை வாய்க்காத அயலார் எவரும் வெட்கித் தலைகுனிய வேண்டுவதில்லை.

ஆனாலும் அந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. பேசுவோன் படும் பாட்டை அது கணக்கிடுகிறது. கேட்போன் படும் பாட்டைக் கணக்கிடவில்லை. ஆன் கட்லர் என்னும் அம்மையாரும் தகாஷி ஒடாகே என்னும் ஜப்பானிய அறிஞரும் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. சொல்லின் தொடக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்கச் செய்து, இஃது எச்சொல்லின் பகுதி என்று ஜப்பானியரைக் கேட்டனர். முழுச் சொல் காதில் விழுமுன்பே, அதன் சுருதி எவ்வகையினது என்பதை அவர்கள் அறிந்து, அவ்வகையிற் சேர்ந்த சொற்களையே விடையாகக் கூறினர். ஜப்பானியர் செவி முதல் மாத்திரையிலேயே பாதிச் சொற்களைத் தள்ளிவிடுகிறது என்பது இதன் பொருள். சுருதியை மாற்றிச் சொல்லுபவர் கேட்போரைத் தவறான கதவண்டை அழைத்துச் சென்று, பிறகு திரும்பி வரச் செய்கிறார். ஒரு சொல்லில் இது பெரிதன்று. பத்து நிமிடப் பேச்சில் நூறு முறை நேர்ந்தால் கேட்பவர் களைத்துப்போவார். ஆனால் புன்னகையோடு, "நீங்கள் நன்றாக ஜப்பானியம் பேசுகிறீர்கள்" என்று சொல்லுவார். திருத்தமாட்டார்.

தேர்வும் துணை நிற்பதில்லை. 1984-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் நடந்துவரும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, சென்னையிலும் நடத்தப்படுகிறது. சொல்லறிவு, இலக்கணம், படித்தல், கேட்டல் ஆகியவை அதில் உண்டு, பேசுதல் இல்லை. வினாத்தாளில் வாராத பாடம் வகுப்பிலும் வாராது என்பது எந்தத் தலைமையாசிரியரும் அறிந்த செய்தி. மிக உயர்ந்த படியில் தேறியவர், ஒரு நாளேனும் சுருதியைப்பற்றி எண்ணாமலே தேறியிருக்கக்கூடும்.

கருவிகள் இல்லாமல் இல்லை. எழுத்தருகே புள்ளியிட்டுச் சுருதியைக் குறிக்கும் வழக்கம் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் தொகுத்த 'ருய்ஜு மியோகிஷோ' என்னும் அகராதியிலேயே காணப்படுகிறது. புதுக்கால அகராதிகளுள் 1892, 1893-ஆம் ஆண்டுகளில் வந்த யமடா பிம்யோவின் அகராதி சொற்களுக்குச் சுருதி குறித்தது. வானொலி வந்தபின் தேவை பெருகிற்று. டோக்கியோவில் ஒலிபரப்பு 1925-இல் தொடங்கியது. அறிவிப்பாளர் வெவ்வேறு ஊர்ச் சுருதியிற் படித்தால் நாடு முழுதும் கேட்போர்க்கு இடர் அன்றோ? ஜப்பான் ஒலிபரப்புக் கழகம் 1943-ஆம் ஆண்டில் சுருதி அகராதி ஒன்றை வெளியிட்டது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு நல்ல மாறுதலைச் செய்தது: உயர்ந்த மாத்திரைகளையெல்லாம் கோடிட்டுக் காட்டாமல், சுருதி இறங்கும் இடத்தை மட்டும் ஒரு சாய்கோட்டால் காட்டிற்று. இறக்கமில்லாச் சொல்லின் ஈற்றில் ஒரு சிறு மேற்கோடு. கற்போர்க்கு இதுவே எளிய வழி; ஏனெனில் நினைவில் வைக்க வேண்டுவது அந்த ஓரிடமே.

சுருதியின் வளைவைத் திரையில் வரைந்து காட்டும் கருவிகளும் இன்று உள்ளன. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்று அமைத்துள்ள இணைய அகராதி, வாக்கியம் முழுதுக்கும் வளைவு வரைந்து ஒலித்தும் காட்டுகிறது. பயனுள்ளதே. ஆனால் கருவியை நம்பிச் செவியை மூடிவிடலாகாது. சில சொற்களில் குரல் உண்மையில் தாழ்வது ஒரு மாத்திரை பிந்தி நிகழ்கிறது; ஜப்பானியர் செவியோ அதை முந்திய இடத்திலேயே கேட்கிறது. சுகிதோ மியோகோ என்னும் அறிஞர் இதை விளக்கியிருக்கிறார். கோட்டைப் பார்த்துக் குரலைத் திருத்துபவர் இத்தகைய சொற்களில் குழம்பிப்போவார்.

எனக்குப் பிடித்த முறை எளியது. சொல்லை விட்டுவிட்டு அதன் சுருதியை மட்டும் வாய்மூடி முனகிப் பார்ப்பது. நம் பாட்டுப் பயிற்சியில் சாகித்தியத்தை விட்டுச் சுரத்தைப் பாடுவதில்லையா, அதுபோல. எழுத்தின் தொல்லை நீங்கியதும் ஏற்றமும் இறக்கமும் செவிக்குப் புலனாகும். பிறகு அதே முனகலின்மேல் எழுத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லை ஒருபோதும் தனியே படிக்கலாகாது. 'க'வைச் சேர்த்தே படிக்க வேண்டும். மலரும் மூக்கும் பிரிவது அங்கேதான். குறிப்பேட்டில் எழுதும்போதே இறக்கத்துக்கு ஒரு சாய்கோடு இட வேண்டும். ஆயிரம் சொல் கற்றபின் திரும்பிவந்து கோடிடுவது இருமடங்கு வேலை.

தொகைச்சொற்கள் ஒரு புதுத் தொல்லையைத் தருகின்றன. டோக்கியோ என்பது இறக்கமற்ற சொல். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'தைககு' என்பதும், த-இ-க-கு என நான்கு மாத்திரை கொண்ட இறக்கமற்ற சொல்லே. இரண்டையும் சேர்த்தால் இறக்கம் புதிதாகப் பிறக்கிறது: 'த' வரையில் உயர்ந்து சென்று, 'இ' முதல் தாழ்ந்துவிடுகிறது. கியோட்டோ என்னும் சொல்லுக்கோ முதல் மாத்திரைக்குப் பின்னேயே இறக்கம் உண்டு. தைககுவோடு சேர்ந்தவுடன் அந்த இறக்கம் மறைந்து, முன்போலவே 'த'வுக்குப் பின் புதிதாகத் தோன்றுகிறது. இரு சொல்லின் ஓசையையும் முயன்று கற்றவர், இதென்ன அநியாயம் என்று சலித்துக்கொள்வது இயல்பே. ஆனால் இவ்விடத்தில் விதி கற்போர் பக்கமே நிற்கிறது. தொகையின் சுருதியைப் பெரும்பாலும் பின்சொல்லே தீர்மானிக்கிறது. ஓசகாவோ நகோயாவோ, எந்த ஊர்ப்பெயரை முன்னே வைத்தாலும் 'த'வுக்குப் பின் இறக்கினால் போதும்.